கியூஎமு பாதுகாப்புத் திருத்தம்: பொதியைப் புதுப்பித்தால் மட்டும் போதுமா?

கல்லடிக்காரன்:
வணக்கம். மட்டக்களப்பில் ஒரு கணினிப் பயிற்சி நிலையத்தின் சேர்வரை நான் பராமரித்து வருகிறேன். டெபியன் லினக்ஸ் மீது, ஒரே சேர்வருக்குள் பல கணினிகளை மென்பொருளாக ஓட்டும் கேவிஎம், கியூஎமு வழியாகப் பன்னிரண்டு மெய்நிகர் கணினிகள் ஓடுகின்றன. பயிற்சிக்காக ஒவ்வொன்றிலும் மாணவருக்கே ரூட் (முழு நிர்வாகி) அதிகாரம் கொடுத்திருக்கிறோம். கியூஎமுவுக்குப் பாதுகாப்புத் திருத்தம் வந்ததும் சேர்வரில் அதன் மென்பொருள் பொதியைப் புதுப்பித்து, மெய்நிகர் கணினிகளை அவற்றின் உள்ளிருந்தே றீபூட் செய்தேன். ஆனால் பதிப்பு எண்ணின் முற்பகுதி மாறவேயில்லை. திருத்தம் சேர்ந்ததா, இல்லையா?

வாவிக்கரை:
பதிப்பு எண்ணைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், தம்பி. டெபியன் நிலைப்பதிப்பில் வழமையாகப் புதிய கியூஎமுவைக் கொண்டுவராமல், பிழைக்குரிய திருத்தத்தை மட்டும் பழைய பதிப்பில் ஒட்டி, எண்ணின் கடைசிப் பகுதியை உயர்த்துவார்கள். பொதியின் மாற்றக் குறிப்பில் உரிய சிவிஇ எண் (பாதுகாப்புப் பிழைக்கு இடப்படும் பொது அடையாள எண்) இருக்கிறதா என்று பாருங்கள், அதுவே சான்று.

கவலைப்பட வேண்டியது றீபூட்டைப் பற்றித்தான். ஒவ்வொரு மெய்நிகர் கணினியும் சேர்வரில் ஒரு கியூஎமு புரோசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல். உள்ளிருந்து றீபூட் செய்யும்போது வழமையாக அந்தப் புரோசஸ் முடிவதில்லை. ஆகவே நினைவகத்தில் இருக்கும் பழைய, ஓட்டையுள்ள நிரலே தொடர்ந்து ஓடுகிறது. சேர்வரின் புரோக் (/proc) கோப்பகத்தில் அந்தப் புரோசஸ் எண்ணுக்குரிய எக்ஸ்ஈ (exe) இணைப்பைப் பாருங்கள். கோப்பு அழிக்கப்பட்டது (deleted) என்ற குறிப்பு அதன் வாலில் இருந்தால் ஓடுவது பழையதுதான். மெய்நிகர் கணினியை முழுதாக ஷட்டவுன் செய்து, சேர்வரிலிருந்து மறுபடி தொடங்குங்கள். திருத்தம் கியூஎமுவில் மட்டும் என்றால் சேர்வரை நிறுத்தத் தேவையில்லை. இயங்குதளத்தின் கருவான கேர்னலிலும் திருத்தம் வந்திருந்தால் அது வேறு கதை.

கல்முனை வாசகன்:
மாணவரிடம் ரூட் இருப்பதால் இதைத் தள்ளிப்போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். 2015 மே மாதம் வெளியான வெனம் என்ற கியூஎமு பிழையை எண்ணிப் பாருங்கள். 2004 முதல் நிரலில் கிடந்த அந்தப் பிழை, இன்று எவரும் தொடாத ஃபுளொப்பி வட்டுக் கட்டுப்படுத்தியை மென்பொருளால் போலச்செய்யும் பகுதியில் இருந்தது. அதன் தாங்ககம் (தரவைத் தற்காலிகமாக வைக்கும் இடம்) 512 பைட்டு. சில கட்டளைகளின்போது எழுதும் இடத்தைக் காட்டும் எண் உடனே பூச்சியத்துக்குத் திரும்பாததால், மெய்நிகர் கணினிக்குள் ரூட் உள்ளவர் அந்த எல்லையைத் தாண்டி எழுதிக்கொண்டே போகலாம். அப்படிப் போனால் கியூஎமு செயலிழக்கும், அல்லது சேர்வரிலேயே நிரல் ஓட்ட வழி பிறக்கும். அந்த எண் எல்லைக்குள்ளேயே நிற்கும்படி செய்ததுதான் திருத்தம்.

தேவையற்ற சாதனங்களை அமைப்பிலிருந்து நீக்குவது நல்ல வழக்கம், நானும் செய்கிறேன். ஆனால் வெனத்தில் ஃபுளொப்பியை நீக்கியும் பயனில்லாமற் போனது, ஏனெனில் அமைப்பில் எடுத்தாலும் அந்த நிரல் உள்ளே இயங்கிக்கொண்டிருந்தது. கியூஎமு புரோசஸ் ரூட்டாக ஓடாமல் தனிப் பயனராக ஓடுகிறதா, நிரல் எதைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் ஆப்ஆர்மர் காவல் அதன்மேல் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். ஓட்டை வழியே ஒருவர் வெளியே வந்தாலும் அவர் எட்டக்கூடிய தூரத்தை அவைதான் குறைக்கும்.

கல்லடிக்காரன்:
இருவருக்கும் மிக்க நன்றி. மாற்றக் குறிப்பில் சிவிஇ எண் இருக்கிறது, ஆனால் பன்னிரண்டு புரோசஸ்களிலும் அழிக்கப்பட்ட குறிப்பே தெரிந்தது. மாலை வகுப்பு முடிந்ததும் ஒவ்வொன்றாக நிறுத்தித் தொடங்கினேன். இப்போது அக்குறிப்பு ஒன்றிலும் இல்லை. புரோசஸ்கள் தனிப் பயனராகவே ஓடுகின்றன. ஆப்ஆர்மர் மட்டும் முன்பு யாரோ நிறுத்திவைத்திருக்கிறார்கள்; அதை நாளை காலை, மாணவர் வருமுன் இயக்குகிறேன்.