தலைக்கு ஒரு கிளினிக், கருப்பைக்கு ஒரு கிளினிக்

கல்லடிக்காரி:

எனக்கு 16 வயதில் வலிப்புத் தொடங்கியது. ஓதிய தண்ணீர், இடுப்பில் காவல் நூல் எல்லாம் முடிந்த பிறகுதான் ஆஸ்பத்திரி. வல்புரோயேட் குளிசை தந்தார்கள். வலிப்புக் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. மாதத்தில் ஒன்றிரண்டு வரும். ஏழு வருடமாகக் கிளினிக்கில் அதே கேள்விகள்தான்: குளிசையை விட்டீரா, நித்திரை முழித்தீரா. இல்லை, இல்லை.

எங்கள் குசினிச் சுவரில் ஒரு கலண்டர் தொங்கும். அம்மாவுக்குக் கோயில் காரியம் முக்கியம். சடங்கு, திருவிழா என்று வந்தால் வீட்டில் யாருக்குத் துடக்கு வரும் என்று முன்கூட்டியே தெரியவேண்டும். அதனால் எங்களுக்கு மாதவிடாய் வந்த நாளைச் சிவப்பில் வட்டம் போடுவார். எனக்கு வலிப்பு வந்த நாளில் நீலப் பேனையால் ஒரு புள்ளடி. ஒரு வைகாசியில், கண்ணகியம்மன் சடங்குக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். "இஞ்ச பாரு மகள், புள்ளடியெல்லாம் வட்டத்தோடதானே கிடக்கு" என்றார். ஐந்து மாதத் தாளையும் புரட்டினோம். 11 புள்ளடியில் 9 வட்டத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்னே பின்னே.

அடுத்த கிளினிக்குக்குக் கலண்டரைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு போனேன். வரிசையில் இருந்தவர்கள், சாதகம் பார்க்க வந்தவளைப் போல என்னைப் பார்த்தார்கள். அன்று இருந்த டொக்டர் புதியவர். தாளைத் தாளாகப் பார்த்தார். பெண்ணுடம்பின் ஹோர்மோன்கள் இரண்டில் புரொஜெஸ்தரோன் மூளையை அமர்த்தும், ஈஸ்திரோஜன் கிளப்பிவிடும், மாதவிடாய்க்கு முன் புரொஜெஸ்தரோன் சட்டென்று இறங்கும்போது சிலருக்கு வலிப்பு வரும் என்றார். அப்புறம் "கலியாணம் பேசுறாங்களா?" என்று கேட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவர் கேட்டது குளிசைக்காக. கர்ப்பத்தில் வல்புரோயேட் எடுத்தால் 100 பிள்ளைகளில் சுமார் 10 பேருக்குப் பிறவிக் குறைபாடு, 30 முதல் 40 பேருக்கு வளர்ச்சியிலும் படிப்பிலும் சிக்கல். ஏழு வருடம் அதை விழுங்கியவளுக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக லெவெட்டிரசெட்டம் என்ற வேறு வலிப்புக் குளிசைக்கு மாற்றினார், 5 மில்லிகிராம் ஃபோலிக் அமிலமும் எழுதினார்.

(இதை வாசித்துவிட்டு யாரும் நாளைக்கே குளிசையை நிறுத்தவேண்டாம். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு அடுக்கடுக்காக வந்து உயிருக்கே ஆபத்தாகும்.)

தலைநோயையும் பெண்ணுடம்பையும் யாரும் சேர்த்துப் பார்க்காததால் என்னைப்போல அலைந்தவர்கள் வேறு இருக்கிறீர்களா?

மருதமுனைத் தறி:

இருக்கிறேன். நான் கைத்தறி நெய்கிறவள். எனக்கு ஒற்றைத் தலையிடி (மைகிரேன்). அது வருவதற்கு முன் கண்ணோரத்தில் ஒரு மினுக்கம் வரும். பிறகு பல்லுப்பல்லாக ஒரு கோடு, வெயிலில் சரிகை அசைவது போல, வளர்ந்து பாதித் தறியை மறைத்துவிடும். இருபது நிமிடத்தில் அது போகும், இடி தொடங்கும், சத்தி வரும். மூன்றாவது பிள்ளைக்குப் பிறகு குடும்பக்கட்டுப்பாட்டுக் குளிசை எடுத்தேன். பிறஷர் பார்த்தார்கள், நிறை பார்த்தார்கள். தலையிடி பற்றிக் கேட்கவில்லை. அது வேறு கிளினிக்கின் வருத்தம் என்று நானும் சொல்லவில்லை. ஒருநாள் வலது கை மரத்து அரை மணித்தியாலம் நூலைப் பிடிக்க முடியவில்லை. உம்மா கத்திய கத்தில் ஊரே வந்துவிட்டது.

மினுங்கிவிட்டு வரும் தலையிடி உள்ளவர்கள் ஈஸ்திரோஜன் கலந்த குளிசையை எடுக்கவே கூடாது, பக்கவாத ஆபத்துக் கூடும் என்று பிறகுதான் சொன்னார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டியிலேயே இருக்கிறதாம். கருப்பையில் வைக்கும் லூப்புக்கு மாறினேன்.

வயதுக்கு வந்த பிறகு இந்தத் தலையிடி ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு. சின்னப் பிள்ளைகளில் அந்த வித்தியாசம் இல்லை. என் 9 வயது மகனுக்கும் இருக்கிறது. "பொம்புளைட வருத்தம் இவனுக்கென்ன" என்று மாமி சிரிக்கிறா. அவன் ஜன்னலை மூடிவிட்டுக் குப்புறப் படுத்திருக்கிறான்.

பழைய மிட்வைஃப்:

படுவான்கரைப் பக்கம் வேலை செய்து ஓய்வுபெற்றவள். ஒரு வீட்டை மறக்கமாட்டேன். பிள்ளை பெற்று ஒன்பதாம் நாள். தாய்க்கு மூன்று நாளாகத் தலையிடி, படுத்தால் கூடுதல், பிறகு சத்தி. வெக்கை காலம், ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. உதடு வெடித்திருந்தது. "தண்ணி குடுக்கிறீங்களா?" என்றேன். "பெத்த வயித்துக்குப் பச்சத்தண்ணி ஆகாது, வயிறு ஊதும்" என்றார் அம்மம்மா. நாளுக்கு ஒரு குவளையாம். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் காய மருந்திலும் சரக்குக் கறியிலும் எனக்கு ஒரு குறையும் இல்லை, நானும் சாப்பிட்டவள்தான். ஆனால் தண்ணீரை ஏன் மறிக்கவேண்டும்?

நான் இருக்கும்போதே வலது பக்கம் இழுத்தது. "பிரசவ சன்னி" என்று சொல்லி ஒருவர் வேப்பிலைக்குப் போனார், நான் அம்புலன்ஸுக்குப் போனேன். ஸ்கானில் மூளையின் நாளத்தில் இரத்தம் கட்டியிருந்தது. கர்ப்பத்திலும் பிரசவத்துக்குப் பிந்திய வாரங்களிலும் இரத்தம் தானாகவே உறையும் பக்கம் சாயும். உடம்பு காய்ந்தால் இன்னும் மோசம். இந்த நோய் ஆண்களைவிடப் பெண்களுக்குக் கூட வருவதற்கு அதுவும் ஈஸ்திரோஜன் குளிசையும்தான் முக்கிய காரணங்கள். இரத்தம் உறையாத ஊசி போட்டுக் காப்பாற்றினார்கள். அவளுடைய அடுத்த பிரசவத்தில் அதே அம்மம்மா போத்தலோடு பக்கத்தில் இருந்ததைப் பார்த்தேன்.

பெயர் வேண்டாம்:

பெண்கள் பேசும் இடத்தில் ஓர் ஆண் எழுதலாமா தெரியவில்லை. தம்பிக்கு 21 வயதில் மனச்சிதைவு. (ஆண்களுக்கு இது சில வருடம் முந்தி வருமாம். பெண்களுக்குப் பிந்தி, 45 தாண்டியும் சிலருக்கு.) ரிஸ்பெரிடோனில் நன்றாகத் தேறினான், கடைக்கும் வந்தான். பிறகு ஆற்றில் குளிக்கும்போது சட்டையைக் கழற்றாமல் இறங்கத் தொடங்கினான். நான் கவனிக்கவில்லை, அம்மா கவனித்தா. நெல் மூட்டைக்குப் பின்னால் இரண்டு மாதக் குளிசை கிடந்தது.

அவனுக்கு நெஞ்சு பெண்பிள்ளைக்குப் போல வீங்கியிருந்தது. வேறு விசயமும் இருந்தது, அதை அவன் டொக்டரிடம் தனியாகத்தான் சொன்னான். அந்த மருந்து புரொலக்டின் என்ற ஹோர்மோனைக் கூட்டுமாம். பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோகும், பால் சுரக்கும், வீட்டில் வேறு மாதிரி நினைத்து அடியும் விழும். மருந்தை அரிபிப்ரசோலுக்கு மாற்றினார்கள். அவன் வருத்தம் திரும்பியதைவிட, அந்த இரண்டு மாதம் யாரிடமும் சொல்ல முடியாமல் இருந்ததுதான் எனக்குச் சுடுகிறது.

கோளாவில் அக்கா:

எனக்கு எதிர்க் கதை. மறதி, களைப்பு, அழுகை. 48 வயது என்றதும் "இது மாதவிடாய் நிற்கிற ஹோர்மோன்" என்று ஒன்றரை வருடம் அனுப்பினார்கள். கடைசியில் தைரொயிட். ஒரு இரத்தப் பரிசோதனை போதுமாக இருந்தது. ஹோர்மோன் என்று சொல்லிக் கேட்காமல் விடுவதும் உண்டு, கவனம்.

வந்தாறுமூலைப் பழைய மாணவன்:

நான் நோயாளி இல்லை, ஆய்வுகூடத்தில் எலிகளோடு இருந்தவன். நாங்கள் வாசித்த ஆய்வுகளில் எல்லாம் ஆண் எலி. ஏன் சேர் என்று கேட்டேன். "பெண் எலிக்குச் சுழற்சி இருக்கு, கணக்குக் குழம்பும்" என்றார். உலகம் முழுக்க அதே பதில்தான். 2011இல் வந்த ஒரு கணக்கெடுப்பில், நரம்பியலில் பெண் விலங்கில் மட்டும் செய்த ஓர் ஆய்வுக்கு ஆணில் மட்டும் செய்தவை 5.5. குழம்பும் என்பதும் பொய். 2014இல் தொகுத்துப் பார்த்தபோது பெண் எலியின் அளவீடுகள் ஆணைவிட அதிகம் சிதறவில்லை.

மனிதரிலும் இதுதான். 1977இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டகம், பிள்ளை பெறக்கூடிய பெண்களை ஆரம்பப் பரிசோதனைகளில் சேர்க்கவேண்டாம் என்றது. கர்ப்பிணிகள் எடுத்துப் பிள்ளைகள் ஊனமாகப் பிறந்த தலிடொமைட் மருந்தின் பயம், நியாயமான பயம்தான். 1993இல்தான் அதை மாற்றினார்கள். இடையில் வந்த மருந்துகளின் அளவு யாருடைய உடம்பைப் பார்த்துப் போட்டது? சொல்பிடெம் நித்திரைக் குளிசையைப் பெண்களுக்கு 10இலிருந்து 5 மில்லிகிராமாகக் குறைக்கச் சொன்னது 2013இல். காலையில் அவர்கள் இரத்தத்தில் அது ஆண்களைவிடக் கூடுதலாகத் தங்கி நின்றது.

பெயர் வேண்டாம் அண்ணா, நீங்கள் இங்கே எழுதியது சரிதான், இது ஆண்களுக்கும் உள்ள விசயம். வல்புரோயேட்டிலும், 55 வயதுக்குக் கீழ்ப்பட்ட ஆண்களுக்கும் புதிதாகத் தொடங்க இரண்டு நிபுணர்கள் சம்மதிக்கவேண்டும் என்று 2024இல் பிரித்தானியாவில் விதித்தார்கள்.

கல்லடிக்காரி:

எல்லோருக்கும் நன்றி. மிட்வைஃப் அன்ரி, உங்கள் கதையை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பிறகு கலியாணமாகி நான் பிள்ளை பெற்றபோது தண்ணீர் மறித்த ஆள் அவதான், இப்போது பேச்சில்லை.

எந்தக் கலண்டர் நல்லது என்று உள்பெட்டியில் கேட்டவருக்கு: நகைக்கடையில் சும்மா தரும் மாதக் கலண்டர் போதும், கட்டம் பெரிதாக இருக்கவேண்டும். குளிசை மறந்த நாளையும் எழுதுங்கள். நாள் கிழிக்கிற கலண்டர் மட்டும் வேண்டாம். எங்கள் தங்கை அதில் மூன்று மாதம் குறித்துவிட்டுத் தினமும் கிழித்து எறிந்திருக்கிறாள்.