எலுமிச்சைத் தளிரில் வெள்ளிக் கோடுகள்: வில்வத்தை வெட்டத்தான் வேண்டுமா?

கேள்வி:
புளியங்குடியில் எங்கள் கொல்லையில் நிற்கும் இரண்டு வயது எலுமிச்சைக் கன்று, ஐப்பசி மழைக்குப் பின் நன்றாகத் துளிர்த்தது. ஆனால் தளிர்களில் நத்தை ஊர்ந்த தடம் போல வெள்ளிக் கோடுகள் வளைந்து வளைந்து ஓடுகின்றன, இலைகளும் சுருண்டுவிட்டன. இது இலைத்துளைப்பான் என்றும், பக்கத்திலுள்ள வில்வத்திலும் அது தங்கும் என்பதால் அந்த மரத்தை வெட்டிவிடும்படியும் மருந்துக் கடையில் சொல்கிறார்கள். அது என் தாயார் வைத்த மரம். வெட்டத்தான் வேண்டுமா?

பதில் 1:
வேண்டாம், ஐயா. இது ஃபில்லோக்னிஸ்டிஸ் சிட்ரெல்லா என்னும் அந்துப்பூச்சி. கல்கத்தாவில் கிடைத்ததைக் கொண்டு 1856இல் ஆங்கிலேயப் பூச்சியியலாளர் ஸ்டெயின்டன் இதற்குப் பெயரிட்டார். இறக்கையை விரித்தாலும் 4 மி.மீ. அளவுதான். எலுமிச்சை, நாரத்தை, சாத்துக்குடி, பம்ப்ளிமாஸ் ஆகியவற்றோடு, அதே குடும்பத்து வில்வத்திலும் இது வளரும் என்பது உண்மையே. ஆயினும் தாய்ப்பூச்சி முட்டையிடுவது இளந்தளிரில்தான். புழு மேல்தோலுக்குச் சற்றுக் கீழே இருந்து சாற்றை உண்பதால், தோல் தடித்த முற்றிய இலை அதற்கு உதவாது. தளிர் இல்லாத நாளில் வில்வமும் எலுமிச்சையும் அதற்கு ஒன்றே. மேலும், ஊரைச் சுற்றி எலுமிச்சைத் தோப்புகளாக இருக்கும்போது ஒரு வில்வத்தை வெட்டி என்ன பயன்?

பதில் 2:
மேலே சொன்னதை ஒப்புகிறேன். யூரியாவை அடிக்கடி வைக்காதீர்கள், நீர்ப்போத்துகளை (தண்டிலிருந்து நேரே வீரியமாகக் கிளம்பும் போத்துகளை) கிள்ளிவிடுங்கள். தளிர் விரியத் தொடங்கும்போதே, லிட்டருக்கு 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஊறவைத்து எடுத்த சாற்றைத் தெளியுங்கள். புழு தோலுக்குள் நுழைந்த பின் தெளித்தால் பலன் குறைவு. கடுமையான மருந்து வேண்டாம், ஏனெனில் இப்புழுவை அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவிகளும் அதில் மடியும். 1993இல் ஃபுளோரிடாவுக்குள் இப்பூச்சி புகுந்தபோது, அடுத்த ஆண்டே ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு குளவியைத் தருவித்து விட்டார்கள். உண்மையில் நான் அஞ்சுவது எலுமிச்சையில் வரும் சொறிநோய்க்குத்தான் (கேங்கர்); புழு குடைந்த புண் வழியே அந்நோயை உண்டாக்கும் பாக்டீரியா எளிதில் நுழையும்.

பதில் 3:
தக்காளி இலையிலும் இத்தகைய கோடுகள் வரும். ஆனால் அவை ஒரு சிறு ஈயின் வேலை. எலுமிச்சையில் கோட்டின் நடுவே புழுவின் எச்சம் கருநூலாகத் தொடர்ந்து ஓடுகிறதா என்று பாருங்கள்; ஓடினால் மேலே சொன்ன அந்துப்பூச்சியின் புழுதான்.

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. இன்று காலை வெயிலில் பிடித்துப் பார்த்தேன்; கருநூல் தெளிவாகத் தெரிந்தது. மடிந்திருந்த ஓர் இலை விளிம்பை ஊசியால் பிரித்தபோது, பட்டிழைக்குள் பழுப்பு நிறக் கூட்டுப்புழு ஒன்று கிடந்தது. வில்வத்தில் இப்போது ஒரு தளிர்கூட இல்லை. மரம் அப்படியே நிற்கட்டும்.