கர்த்தர் நடத்துகிறார் என்று நம்பித்தான் வந்தோம், இப்போது வழியே அடைபட்டு நிற்கிறது

கேள்வி: கோவை_விசுவாசி

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். தூத்துக்குடியில் 12 வருஷம் பார்த்த அக்கவுண்ட்ஸ் வேலையை விட்டுவிட்டு, போன வருஷம் குடும்பத்தோடு கோவைக்கு வந்தோம். அவசரத்தில் எடுத்த முடிவு இல்லை, நானும் மனைவியும் மூன்று வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்து ஜெபித்தோம். வருஷப் பிறப்பு ஆராதனையில் எனக்கு வந்த வாக்குத்தத்த அட்டையில் (அந்த வருஷத்துக்கென்று வசனம் எழுதிக் கொடுக்கிற அட்டை) எரேமியா 29:11, கர்த்தர் நம்மேல் வைத்திருக்கிற நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்ற வசனம். நாங்கள் முடிவெடுக்க வேண்டிய அதே வாரம் போதகரும் அந்த வசனத்தையே பிரசங்கித்தார். இதற்கு மேல் என்ன அடையாளம் வேண்டும் என்று கிளம்பிவிட்டோம்.

எட்டாவது மாதம் இங்கே நான் சேர்ந்த கம்பெனியை மூடிவிட்டார்கள். இரண்டு மாதச் சம்பளம் பாக்கி, மனைவியின் வளையல் அடகில், நாலு மாதமாக வேலை தேடுகிறேன். அட்டை இன்னும் பைபிளுக்குள்தான் இருக்கிறது, ஆனால் அந்தப் பக்கத்தைத் திறக்கக் கை வரவில்லை. ஊரிலிருந்து அண்ணன் போன் செய்து, "கர்த்தர் போகச் சொன்னார்னு சொன்னியே" என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. நான் அவர் சத்தத்தைத் தவறாகக் கேட்டேனா? அப்படியென்றால் அடுத்த அடியை எதை நம்பி வைப்பது?

பதில் 1: பாளை_அம்மா

தம்பி, 1 இராஜாக்கள் 17ஐ எடுத்து நிதானமாக வாசிங்க. கேரீத் ஆற்றண்டைக்குப் போ என்று எலியா தீர்க்கதரிசிக்குச் சொன்னது கர்த்தர், காகங்களை அனுப்பி அப்பமும் இறைச்சியும் கொடுத்ததும் அவர்தான். அந்த ஆறுதான் வற்றிப்போனது. எலியா இடம் மாறிப் போய்விட்டதால் வற்றவில்லை, மழை இல்லாததால் வற்றியது, அதுவும் மழை பெய்யாது என்று ராஜாவிடம் சொன்னதே எலியாதான். சாறிபாத் ஊருக்குப் போ என்ற அடுத்த வார்த்தை ஆறு வற்றின பிறகுதான் வருகிறது. அதனால் ஆறு வற்றினதை வைத்து, வந்த வழி தப்பு என்று முடிவு கட்டாதீங்க.

என் வீட்டுக்காரர் ரிட்டயர் ஆக மூன்று வருஷம் இருக்கும்போது பக்கவாதத்தில் விழுந்தார். ஒரு வருஷம் எனக்கு ஜெபமே வரவில்லை, சங்கீதம் 13ன் முதல் வரியை, "கர்த்தாவே, எதுவரைக்கும்" என்பதை மட்டும், அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே சொல்லுவேன். அதையும் ஜெபமாகத்தான் அவர் எடுத்துக்கொண்டார் என்று இன்றைக்கும் நம்புகிறேன். எங்கள் பக்கம் டோனாவூரில் பிள்ளைகளை வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மாவும் 1931ல் விழுந்து அடிபட்டு, 1951ல் சாகிறவரைக்கும் பெரும்பாலும் அறைக்குள்ளேயேதான் இருந்தார். மறுபடி நடமாடும் சுகம் அவருக்குக் கிடைக்கவில்லை. அதை வைத்து, அவரை அங்கே கொண்டுவந்தது கர்த்தர் இல்லை என்று எங்கள் ஊரில் யாரும் சொல்லமாட்டோம்.

பதில் 2: வேதபாட_வாசகன்

அம்மா சொன்னதை மதிக்கிறேன், ஆனால் பிரதர், நான் கொஞ்சம் நேராகவே சொல்கிறேன். வசனத்தைத் தவறாக எடுத்துக்கொண்டீர்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. அட்டையில் ஒரு வசனத்துக்குத்தான் இடம் இருக்கும், அந்த அதிகாரமோ பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதின கடிதம். அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்கிறது 5ஆம் வசனம், 70 வருஷம் ஆகும் என்கிறது 10ஆம் வசனம். முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற ஒருவன், பாபிலோனுக்குக் கொண்டுபோனதெல்லாம் இரண்டே வருஷத்தில் திரும்பி வரும் என்று ஆலயத்தில் எல்லார் முன்பாகவும் சொல்கிறான். கேட்க இனிமையாக இருந்த அந்த வார்த்தைதான் பொய்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் கடிதத்தை வாங்கினவர்கள் ஒன்றும் சரியான வழியில் நடந்து பாபிலோனுக்கு வந்தவர்கள் இல்லை, தங்கள் பாவத்தினால் வந்தவர்கள். அவர்களுக்கே கர்த்தர் எழுதினார் என்றால், மூன்று வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்தும் ஒரு வசனத்தைப் பிசகாகப் புரிந்துகொண்ட உங்களை விட்டுவிடுவாரா?

அப்புறம், சம்பள பாக்கியை அப்படியே விடாதீர்கள். தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுத்து மூலமாகப் புகார் கொடுங்கள். விசுவாசி கேட்கக் கூடாது என்று எங்கேயும் எழுதியில்லை.

பதில் 3: மருதாணி

அண்ணா, எல்லாம் வாசித்தேன். மனைவி உபவாசம் இருந்தார், மனைவியின் வளையல் அடகில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அவர் என்ன நினைக்கிறார் என்று ஒரு வரிகூட இல்லையே. எங்கள் வீட்டிலும் இப்படி ஒரு காலம் இருந்தது. கடனைவிட, இவர் என்னிடம் பேசாமல் மொட்டை மாடியில் தனியாக உட்கார்ந்து ஜெபித்ததுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. முதலில் அவங்ககிட்ட கேளுங்க.

கோவை_விசுவாசி

எல்லாருக்கும் நன்றி. அனனியாவைப் பற்றி எழுதினது முதலில் கோபம்தான் வந்தது, இரண்டாவது தடவை வாசித்தபோது உண்மை என்று பட்டது. நேற்று ராத்திரி பிள்ளைகள் தூங்கின பிறகு அவளிடம் கேட்டேன். "அட்டையைப் பார்த்து நான் வரல, நீங்க முழங்கால்ல நின்னதைப் பார்த்துத்தான் வந்தேன், இப்ப நீங்க நிக்கிறதில்லையே, அதான் பயமா இருக்கு" என்றாள். கொஞ்ச நேரம் என்னால் பேச முடியவில்லை. அப்புறம் இரண்டு பேரும் எரேமியா 29ஐ முதல் வசனத்திலிருந்து வாசித்தோம்.

திங்கட்கிழமை தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போகிறேன், சம்பளச் சீட்டும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் எடுத்து வைத்தாயிற்று. அண்ணனுக்கு இன்னும் போன் செய்யவில்லை. அதற்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.