அம்மாவின் கட்டி ஆராய்ச்சிக்குப் போகலாமா? கையெழுத்துப் போடும் முன் ஒரு சந்தேகம்

வணக்கம். அம்மாவுக்கு அடுத்த வாரம் மார்பகக் கட்டி ஆபரேஷன். நேற்று ஆஸ்பத்திரியில் மற்ற தாள்களோடு நாலு பக்கப் படிவம் ஒன்றையும் நீட்டினார்கள். எடுக்கும் கட்டியில் பரிசோதனைக்குப் போக மீதியையும், ஒரு குழாய் ரத்தத்தையும் உறைய வைப்பார்களாம். வெளிநாட்டு உயிரி வங்கிக்கும் (ஆராய்ச்சிக்காக ரத்தம், திசு சேமித்து வைக்கும் இடம்) அனுப்பலாமாம். "எதிர்கால ஆராய்ச்சி எதற்கும்" என்று ஒரு வரி. அங்கேதான் பேனா நின்றுவிட்டது.

அம்மா, "குப்பையில போறதுதானே, கொடுத்துட்டுப் போறேன்" என்கிறார். எனக்கோ ஹவசுப்பாய் மக்களின் ஞாபகம். அமெரிக்காவில் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் வாழும் பழங்குடிகள். 1990களில் சர்க்கரை நோய் ஆய்வு என்று நம்பி ரத்தம் கொடுத்தார்கள். அதே ரத்தத்தை வைத்து மனச்சிதைவு, இனத்தின் பூர்வீகம் என்று வேறு ஆய்வுகளும் நடந்தது பிறகுதான் தெரிந்தது. வழக்குப் போட்டு, 2010இல் 7 லட்சம் டாலர் இழப்பீடும் மிச்ச ரத்தமும் திரும்பி வந்தன.

அதற்காக மறுக்கவும் மனசில்லை. பிரிட்டனின் உயிரி வங்கியான யூகே பயோபேங்க்கில் 5 லட்சம் பேர் சேர்ந்திருக்கிறார்கள், பெரும்பாலோர் வெள்ளையர். நம் உடம்பு அந்தக் கணக்கிலேயே வராவிட்டால் எப்படி?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 நெறிமுறைப்படி சம்மதத்தைத் திரும்பப் பெறலாம், சரி. மாதிரி கடல் தாண்டிய பிறகு? இப்படிக் கொடுத்தவர்கள், ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவில் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்: "இந்தியாவுக்குள் மட்டும்" என்று கையால் எழுதிச் சேர்க்க விடுவார்களா? அப்புறம், மறுத்தால் டாக்டர் முகம் மாறுமா? திங்கட்கிழமை தாளைக் கொடுக்க வேண்டும்.