மறுமொழி: டெக்சஸ் ஹோல்டெம் - 'சமூக அட்டை'யா, பொதுச்சீட்டா?

குழுவினருக்கு வணக்கம்.

> டெக்சஸ் ஹோல்டெம் என்ற போக்கர் சீட்டாட்டம் பற்றிய கட்டுரையில், மேசை நடுவில் போடும் ஐந்து சீட்டுக்கும் (community cards) 'சமூக அட்டை' என்று எழுதியிருக்கிறேன். சரிதானே?

எனக்குச் சரியாகப் படவில்லை, தம்பி. சமூக அட்டை என்றால் தாலுகா ஆபீசில் மனுப் போட்டு வாங்குவது போல இருக்கிறது. சீட்டுக்கட்டு, சீட்டாட்டம், துருப்புச்சீட்டு என்று சொல்லிப் பழகியவர்களுக்கு அட்டை எதற்கு? என் பரிந்துரை பொதுச்சீட்டு.

> பொதுச்சீட்டு என்றால் சீட்டுக் கம்பெனி ஞாபகம் வராதா?

கட்டுரை போக்கரைப் பற்றியது. அங்கே போய் யாரும் ஏலச்சீட்டைத் தேட மாட்டார்கள், ஐயா.

இந்த ஆட்டத்தின் வரலாறே அந்தப் 'பொது'வில்தான் இருக்கிறது. பழைய டிரா போக்கரில் ஐந்து சீட்டும் அவரவர் கையில் மறைந்திருக்கும். பணம் கட்ட இரண்டே சுற்று. ஹோல்டெமில் ஆளுக்கு இரண்டு சீட்டுதான், மீதி ஐந்தும் எல்லாருக்கும் பொது. முதலில் மூன்று, அப்புறம் ஒன்று, அப்புறம் ஒன்று என்று திறப்பதால், திறக்குமுன் கட்டும் சுற்றையும் சேர்த்துப் பணம் கட்டும் சுற்று நான்காகிறது. எதிராளியின் கையில் என்ன இருக்கலாம் என்று கணக்குப் போட அத்தனை இடம். சீட்டும் குறைவாகச் செலவாகிறது, ஒரே கட்டில் பெரிய கூட்டமே உட்கார்ந்து ஆடலாம்.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டெக்சஸ் மாநிலத்து ராப்ஸ்டவுனில் பிறந்தது என்று அம்மாநிலச் சட்டமன்றமே 2007-இல் தீர்மானம் போட்டிருக்கிறது. 1963-இல் கோர்க்கி மெக்கார்குவடேல் என்ற ஆட்டக்காரர் இதை லாஸ் வேகாஸின் கலிபோர்னியா கிளப் என்ற சூதாட்ட விடுதிக்குக் கொண்டுவந்தார். 1970-இல் அதே ஊரில் பின்னியன் குடும்பத்தின் ஹார்ஸ்ஷூ சூதாட்ட விடுதியில் உலகப் போக்கர் தொடர் ஆரம்பித்தது. அந்த ஆண்டு வெற்றியாளரான ஜானி மாஸை ஆட்டக்காரர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள்! அடுத்த ஆண்டிலிருந்துதான் கடைசி ஆள் மிஞ்சும்வரை ஆடும் முறை. 2003-இல் இணையத் தகுதிச் சுற்று வழியாக இந்தத் தொடருக்கு வந்த கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்கர் (பெயர் நிஜமாகவே அதுதான்) 25 லட்சம் டாலர் வென்றார். 839 பேர் ஆடிய போட்டிக்கு மறுவருடம் 2,576 பேர் வந்தார்கள்.

பொதுச்சீட்டு என்ற சொல் தாங்குமா என்று ஓர் ஆட்டத்தில் வைத்துப் பார்ப்போம். நடுவில் பத்து, ஜாக்கி, ராணி, ராஜா, ஆஸ் என்று ஐந்தும் வரிசையாக விழுகின்றன. எந்த இனத்திலும் மூன்று சீட்டு இல்லை. இப்போது கையில் என்ன வைத்திருந்தாலும் எல்லாருக்கும் அதே வரிசைதான். கடைசிவரை நின்றவர்கள் பணத்தைச் சமமாகப் பிரித்துக்கொள்ள வேண்டியதுதான். இதைவிடப் பொதுவாக ஒரு சீட்டு இருக்க முடியாது. ஒமாஹா என்ற இன்னொரு போக்கர் வகையில் கையிலிருந்து கட்டாயம் இரண்டு எடுத்தாக வேண்டும், அதனால் இந்தச் சமம் அங்கே செல்லாது. ஆனால் நடுவில் இருப்பதன் பெயர் அங்கேயும் பொதுச்சீட்டுதான்.

> அப்படியானால் ஆளுக்குக் கொடுக்கும் இரண்டும் 'கைச்சீட்டு'?

ஹோல்டெமோடு நிறுத்திக்கொண்டால் சரி. ஏழு சீட்டு ஸ்டட் என்ற போக்கர் வகையில் மாட்டிக்கொள்ளும். அங்கே ஏழும் அவரவருக்கே உரியவை, ஆனால் நான்கை எல்லாரும் பார்க்கத் திறந்து போடுவார்கள். ஆங்கிலத்தில் ஹோல் கார்டு (hole card) என்பது மறைந்திருக்கும் மூன்று மட்டும். ஆகவே கவிழ்சீட்டு என்போம். 'கவுத்துப் போடு' என்று நாம் சொல்வதுதானே. திறந்த நான்கும் மலர்சீட்டு. இரண்டும் வினைத்தொகை, ஒற்று மிகாது.

ஹோல்டெமில் நடுவில் முதலில் திறக்கும் மூன்றுக்கு (ஆங்கிலத்தில் ஃப்ளாப்) 'முச்சீட்டு' வேண்டவே வேண்டாம், அது மூணு சீட்டு ஆட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போகும். விரிசீட்டு போதும். ரிவரை 'ஆறு' என்று மொழிபெயர்த்த அன்பருக்கு என் வணக்கம். ஐந்தாவதாக வரும் சீட்டை ஆறு என்று சொன்னால் ஆடுகிறவன் கதி என்ன? டர்னையும் ரிவரையும் நான்காம் தெரு, ஐந்தாம் தெரு என்று அழைக்கும் வழக்கம் ஆங்கிலத்திலேயே உண்டு. நான்காம் சீட்டு, ஐந்தாம் சீட்டு என்று நாமும் எண்ணிவிட்டுப் போகலாம்.

பிளைண்ட் மட்டும் இடிக்கிறது. நம் ஊர் மூணு சீட்டில் பிளைண்ட் என்றால் சீட்டைப் பார்க்காமல் ஆடுவது. ஹோல்டெமில் அது சீட்டுப் போடுமுன் இரண்டு பேர் கட்டியே தீர வேண்டிய தொகை. 'கட்டாய முன்பணம்' என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன், கொஞ்சம் வங்கி வாடை அடிக்கிறது. வேறு நல்லதாகக் கிடைத்தால் எழுதுங்கள்.