சப்ஃப்ளோருக்குத் தமிழில் ‘தாங்குதரை’: ஒரு முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

மரச்சட்டக வீடுகளில் நீர் ஊறிக் கெட்டுப்போன குளியலறைத் தரையைச் சீர்செய்யும் கையேட்டுக்காக, சப்ஃப்ளோர் (subfloor), அதாவது ஓடு முதலியவற்றுக்கு அடியில், கட்டைகளின் மேல் பொருத்தும் பலகைப் பரப்பு என்பதற்கு இதுவரை ‘அடித்தளம்’, ‘கீழ்த்தளம்’, ‘துணைத்தளம்’ ஆகிய மூன்று சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. மூன்றும் எனக்கு உடன்பாடாக இல்லை.

‘அடித்தளம்’ அஸ்திவாரத்துக்கு உரிய சொல். “குளியலறையின் அடித்தளம் இற்றுப்போயிருக்கிறது” என்று படிக்கும் வீட்டுக்காரர் கட்டடமே ஆட்டம் கண்டுவிட்டதாக அஞ்சுவார். மாடிக் குளியலறையில் கசிந்த நீர் கீழ்த்தளத்தின் கூரையில் கறையாகத் தெரிவது வழக்கம் என்பதால், ‘கீழ்த்தளம்’ என்ற சொல் ஒரே பத்தியில் இரு பொருளில் வந்து குழப்பும். ‘துணைத்தளம்’ இவற்றைவிடத் தவறானது. நிற்பவரின் எடையும் நீர் நிரம்பிய தொட்டியின் எடையும் இந்தப் பலகை வழியாகத்தான் அடியிலுள்ள கட்டைகளுக்கு இறங்குகின்றன. மேலே பதித்த ஓடுதான் இதை நம்பி இருக்கிறது.

எனவே ‘தாங்குதரை’ என்று வைக்கலாம் என்பது என் கருத்து. இது வினைத்தொகை, ஆதலால் இடையில் வல்லினம் மிகாது, ‘தாங்குத்தரை’ என்று எழுதிவிடக் கூடாது. இதற்கு இணையாக, கண்ணுக்குத் தெரியும் ஓடு, வினைல் முதலியவற்றை ‘மேல்தரை’ எனலாம்.

சொல் நிற்குமா என்பதைப் பழுதுபார்க்கும் வேலையிலேயே வைத்துப் பார்ப்போம். கழிப்பறைக் கோப்பைக்கு அடியிலுள்ள மெழுகு வளையம் தளர்ந்தால், ஒவ்வொரு முறை நீர் திறந்துவிடும்போதும் சிறிது சிறிதாகக் கசிந்து தாங்குதரை ஊறும். மேல்தரையில் ஒரு கீறலும் இராது. கோப்பை இலேசாக ஆடுவதோ, காலடியில் தரை அமுங்குவதோதான் முதல் அறிகுறி. கோப்பையை எடுத்துவிட்டு, கழிவுக்குழாயின் வாயைத் துணியால் அடைத்து, பலகையைத் திருப்புளி முனையால் குத்திப் பார்க்க வேண்டும். நல்ல மரம் முனையைத் தடுக்கும். இற்ற மரத்தில் முனை தடையின்றி இறங்கும், நெம்பினால் பலகை நார்நாராகப் பிரியும். தாங்குதரை நனைந்தும் கெட்டியாகவே இருந்தால், கசிவை நிறுத்தி, மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கும்வரை உலர்த்தினால் போதும். துகள்பலகையாக இருந்து ஊதிப் பருத்துவிட்டால் அது பழைய உறுதிக்குத் திரும்பாது, மாற்றியே ஆக வேண்டும்.

மாற்றும்போது இற்ற இடத்தோடு நிறுத்தாமல், இருபுறமும் உறுதியான மரம் வரும்வரை சென்று, அங்குள்ள கட்டையின் நடுக்கோட்டில் வெட்ட வேண்டும். அப்போதுதான் பழைய பலகையின் விளிம்பும் புதிய பலகையின் விளிம்பும் ஒரே கட்டையில் பாதிப்பாதியாக அமரும். விளிம்பு இரு கட்டைகளுக்கு நடுவே விழுந்தால், அதற்கு அடியில் குறுக்குத் துண்டு அடிக்காமல் விடவே கூடாது. இதைச் செய்யாமல் ஓடு பதித்த தரைகளில் இணைப்பின் மேலேயே விரிசல் ஓடும். புதிய பலகை பழையதன் தடிமனிலேயே இருக்க வேண்டும். பசை தடவித் திருகாணியால் இறுக்கும்போது, மரம் ஈரத்தில் விரிவதற்காக இணைப்புகளில் சுமார் 3 மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும்.

இவ்வளவு விளக்கத்திலும் ‘தாங்குதரை’ எங்கும் இடறவில்லை என்று நம்புகிறேன். “மேல்தரையை மட்டும் மாற்றினால் போதாது, தாங்குதரையையும் மாற்ற வேண்டும்” என்ற வாக்கியம், சொல்லை முதன்முறை கேட்பவருக்கும் விளக்கமின்றிப் புரியும். ‘துணைத்தளம்’ என்று வைத்திருந்தால், செலவைக் குறைக்க நினைப்பவர் முதலில் விட்டுவிடுவது அதைத்தான்.

மீதமிருப்பது, தாங்குதரைக்கும் ஓட்டுக்கும் இடையில் வைக்கும் சிமெண்ட் பலகை போன்ற அடுக்கு. அதற்கு ‘இடைப்பலகை’ போதும். அடியிலுள்ள கட்டைகளை ‘உத்திரம்’ என்று சிலர் எழுதியிருந்தார்கள். பெரிய உத்திரத்தின் மேல் அமரும் சிறு கட்டைகளுக்கும் அதே பெயர் வைத்தால், கையேட்டில் எதை வெட்டலாம், எதைத் தொடக் கூடாது என்பது மயங்கும். இவற்றை ‘தரைக்கட்டை’ என்று பிரித்துச் சொல்லலாமா என்று தச்சு வேலை அறிந்த நண்பர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.