ஆன்டெனாவுக்கு ‘அலைவாங்கி’ போதாது: அலைக்கொம்பு என்று சொல்லலாமா?

அன்புள்ள சொல்லாக்கக் குழு நண்பர்களுக்கு வணக்கம்.

ஆன்டெனாவுக்கு வேறு சொல் வேண்டும் என்று போன வாரம் நான் எழுதிய இரண்டு வரிக்கு இவ்வளவு மறுமொழி வரும் என்று எதிர்பார்க்கவில்லை. தனித்தனியே பதில் போட்டால் இழை சிக்கிக்கொள்ளும். எல்லாவற்றையும் இந்த ஒரே மடலில் எடுத்துக்கொள்கிறேன், நீளத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கேள்வி எனக்கு எங்கே எழுந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மதுரையில் ஞாயிறு காலை ஒரு மொட்டை மாடியில் ஹாம் வானொலி (ஆர்வலர்கள் உரிமம் பெற்றுத் தாமே அலைவழி பேசிக்கொள்ளும் வானொலி) வகுப்பு எடுக்கிறேன். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையில் வானொலி உரிமங்களைக் கவனிக்கும் டபிள்யூ.பி.சி. பிரிவு நடத்தும் தேர்வில் தொடக்கநிலையான ‘ரெஸ்ட்ரிக்டட்’ உரிமத்துக்குப் பிள்ளைகளைத் தயார்செய்கிறோம். 12 வயது நிறைந்தவர்கள் எழுதலாம். வானொலிக் கோட்பாடு ஒரு பகுதி, விதிமுறைகள் மற்றொரு பகுதி. புள்ளியும் கோடுமாகச் செய்தி அனுப்பும் மோர்ஸ் தெரிய வேண்டியதில்லை. அது அடுத்த நிலையான ‘ஜெனரல்’ எழுதுகிறவர்களுக்கு, நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில். தேறி உரிமம் கைக்கு வந்தால் வி.யு.3 என்று தொடங்கும் அழைப்புக்குறி கிடைக்கும். ஆங்கிலக் கேள்விக்குச் சரியான விடையை டிக் அடிக்கப் பிள்ளைகள் சீக்கிரம் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். ஏன் அந்த விடை என்று கேட்டால்தான் விழிக்கிறார்கள். அதற்காகவே பாடக்குறிப்பைத் தமிழில் எழுதத் தொடங்கினேன்.

மூன்றாவது வகுப்பில் பலகையில் ‘அலைவாங்கி’ என்று எழுதிவிட்டு, பேசவும் கேட்கவும் ஆகும் கையடக்க வானொலி ஒன்றை மேசையில் வைத்தேன். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் பார்த்தாள். பேட்டரியைக் கழற்றி உள்ளேயும் பார்த்தாள். பிறகு கேட்டாள்: “சார், வாங்குறது இது. அனுப்புறது எங்க இருக்கு?”

அவள் கேட்டதில் தப்பே இல்லை. ஒலிவாங்கி ஒலியை வாங்கும். வெளியே விட ஒலிபெருக்கி என்று இன்னொன்று உண்டு. அப்படியானால் அலைவாங்கி அலையை வாங்கும். அனுப்ப வேறொன்று இருந்தாக வேண்டும். சொல் காட்டிய வழியில்தான் அவள் போனாள். ஆனால் ஆன்டெனாவைப் பற்றிய முதல் பாடமே இதற்கு நேர்மாறானது. அதே உலோகத் துண்டுதான் அனுப்பவும் செய்கிறது, வாங்கவும் செய்கிறது. எந்தத் திசையில் நன்றாக அனுப்புமோ அந்தத் திசையிலிருந்துதான் நன்றாக வாங்கும். எந்த அலைநீளத்துக்கு வெட்டினோமோ அதற்குத்தான் இரண்டு வேலையிலும் ஒத்துழைக்கும். இந்த ஒன்று மனதில் பதிந்தால் பாதிப் பாடம் முடிந்தது. நம் சொல்லோ வாசலிலேயே அதை மறித்துக்கொண்டு நிற்கிறது.

அடுத்த வாரம் இன்னொரு பையன், “சார், இந்தக் கொம்பைக் கழட்டிட்டுப் பேசினா என்ன ஆகும்?” என்றான். கேள்வி அருமையானது. போக வழியில்லாத திறன் கருவிக்குள்ளேயே திரும்பும். கடைசிக்கட்டத் திரான்சிஸ்டர் சூடேறிப் பழுதாகக்கூடும். அதனால் கொம்பில்லாமல் பேசும் பொத்தானை ஒருபோதும் அழுத்தக்கூடாது. பதிலைச் சொல்லி முடித்த பிறகுதான் நானும் அவன் சொல்லையே எடுத்துக்கொண்டு பேசியிருப்பது உறைத்தது. யாரும் அவனுக்கு அந்தச் சொல்லைக் கொடுக்கவில்லை. பார்த்தான், சொன்னான்.

என் முன்மொழிவு இதுதான்: அலைக்கொம்பு. புழங்கும்போது வெறும் கொம்பு போதும்.

இனி மறுமொழிகளுக்கு வருகிறேன்.

> அலைவாங்கி பாடநூல்வரை ஏறிவிட்ட சொல். வேரூன்றியதைப் பிடுங்கி நட வேண்டுமா?

ஐயா, இந்தக் குழுவில் உங்கள் மடல்களைப் படித்துத்தான் சொல்லாக்கம் கற்றேன். வேரூன்றிய சொல்லைத் தொடக்கூடாது என்பது பொதுவாகச் சரிதான். ஆனால் இந்தச் சொல் எந்த நாற்காலியில் உட்கார்ந்து ஆக்கப்பட்டது என்று பாருங்கள். கேட்கிறவர் நாற்காலி அது. நம் வீடுகளில் வானொலி என்பது கேட்கும் பெட்டி, தொலைக்காட்சி என்பது பார்க்கும் பெட்டி. 1980களில் தூத்துக்குடி, இராமநாதபுரம் கரையில் இலங்கைத் தொலைக்காட்சியான ரூபவாகினி பார்ப்பதற்காக வீட்டைவிட உயரமாகக் குழாய் நட்டு, ஒருவர் மாடியில் திருப்ப, ஒருவர் கீழே ‘தெரியுது, தெரியுது’ என்று கத்துவார். அங்கே அது வாங்கியேதான். அந்த வீட்டிலிருந்து எதுவும் வெளியே போகவில்லை. அந்தக் காலத்துக்கு அலைவாங்கி பொருத்தமான பெயர்.

இன்று ஒவ்வொரு கைபேசியும் அனுப்புகிறது. ஹாம் வானொலியில் அனுப்புவதற்காகத்தான் உரிமமே வாங்குகிறோம். சென்னையில் வானொலி பிறந்ததும் அனுப்ப விரும்பிய ஆர்வலர்கள் கையில்தான். 1924இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி தொடங்கிய மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் அந்த ஆண்டு ஜூலை 31 அன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. பணமில்லாமல் 1927இல் நின்றுபோனது. அவர்களுடைய கருவியைப் பெற்றுக்கொண்ட சென்னை மாநகராட்சி 1930இல் மீண்டும் ஒலிபரப்பியது. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் ஒரு ஹாம் குழு அந்தமான் போயிருந்தது. உலகெங்கும் உள்ள ஹாம்களோடு பேசுவதுதான் அவர்கள் நோக்கம். 26ஆம் தேதி ஆழிப்பேரலை வந்து தொலைபேசிகள் செத்துப்போனபோது, போர்ட் பிளேரிலிருந்து யார் பிழைத்தார், என்ன தேவை என்ற செய்தி அவர்கள் கருவி வழியாக வெளியே வந்தது. அன்று கூரையில் நின்றதை ‘வாங்கி’ என்று எழுத எனக்கு மனம் வரவில்லை, ஐயா.

அலைவாங்கியைப் பிடுங்க வேண்டாம். வாங்க மட்டுமே செய்யும் இடத்தில், கூரைமேல் உள்ள டி.டி.எச். தட்டு போன்றவற்றுக்கு, அது இருக்கட்டும். பொதுச்சொல்லாக மட்டும் வேண்டாம்.

> ‘அலைவாய்’ என்றால் என்ன? வாய் என்பது வாயில்; உள்ளேயும் போகலாம், வெளியேயும் வரலாம்.

அக்கா, இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. பொருளளவில் இதைவிடச் சிறந்தது இந்த இழையில் வரவில்லை. ஆனால் செந்தூருக்குச் சங்க காலந்தொட்டே அலைவாய் என்று பெயர் இருக்கிறது. திருச்சீரலைவாய் என்று கேட்டு வளர்ந்த காதுக்கு முருகனும் கடலும்தான் வருவார்கள். பாடக்குறிப்பில் ‘அலைவாயை 49 செ.மீ. நீளத்துக்கு வெட்டுக’ என்று எழுதிப் பார்த்தேன். கை நின்றுவிட்டது.

> எங்க பக்கம் பாய் விரிக்கும் குறுக்குக் கழியைப் பருமல் என்போம். ஆன்டெனாவின் மூலப்பொருளும் அதுதானே?

ஆமாம். லத்தீனில் ஆன்டெனா என்பது பாய்மரத்தின் குறுக்குக் கழி. பூச்சிகளின் உணர்கொம்புக்கு அந்தப் பெயர் பிறகு போனது. வானொலிக்கு அதற்கும் பிறகு. பருமல் என்ற சொல்லையே உங்கள் மடலில்தான் முதன்முதலில் பார்த்தேன், அண்ணாச்சி. இதைக் கைவிடக்கூடாது. ஆனால் கடலோரமில்லாத ஊர்ப் பிள்ளைக்கு ஆன்டெனாவை விளக்கப் பருமலை விளக்க வேண்டும், பருமலை விளக்கப் பாயை விளக்க வேண்டும். அதனால் வேறு இடம் தேடினேன், கிடைத்தது. பழைய டி.வி. ஆன்டெனாவில் குறுக்குக் குச்சிகளையெல்லாம் தாங்கி நீளவாட்டில் ஒரு தண்டு போகுமே, அதற்கு ஆங்கிலத்தில் பூம் என்று பெயர். அவர்களும் அதைப் பாய்க்கப்பலிலிருந்தே எடுத்தார்கள். 1926இல் ஜப்பானில் உடாவும் யாகியும் உருவாக்கிய யாகிக் கொம்புக்கு அந்தத் தண்டுதான் முதுகெலும்பு. அதை நாம் பருமல் என்போம். குறிப்பில் ஏற்கெனவே எழுதிவிட்டேன்.

வேறு இரண்டு சொல்லும் இழையில் வந்தன. அலைக்கம்பி வேண்டாம்: தட்டும் கம்பியில்லை, கைபேசிக்குள் இருக்கும் செம்புப் பூச்சும் கம்பியில்லை. அலையேந்தி கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நம் பேச்சைச் சுமந்து போகும் ஊர்தி அலையைப் பற்றி அடுத்த பாடத்திலேயே வருகிறது, இரண்டும் முட்டும்.

> ஹார்ன் ஆன்டெனா என்று ஒரு தனி வகையே இருக்கிறது அண்ணா. அதைக் ‘கொம்பு அலைக்கொம்பு’ என்பீர்களா?

தம்பி, இந்த இழையில் என்னைத் திணற வைத்தது உன் கேள்விதான். அந்த வகையின் வடிவத்தைப் பார். மாட்டுக் கொம்பு போல நுனி கூர்ந்திருக்காது. எண்ணெய் ஊற்றும் புனல் மாதிரி வாய் விரிந்திருக்கும். ஆங்கிலத்தில் ஹார்ன் என்றது ஊதும் கருவியின் விரிந்த வாயைப் பார்த்து. நாம் பொருளைப் பார்த்துப் புனற்கொம்பு என்று வைத்தால் முட்டல் தீர்ந்தது.

கொம்பு என்ற சொல்லை நான் விடாமல் பிடித்திருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. திருவிழாவில் ஊதுகிறார்களே, அந்தக் கொம்பு ஒலியை ஊருக்கெல்லாம் அனுப்புகிறது. நத்தையும் கரப்பானும் நீட்டும் உணர்கொம்பு வெளியே நடப்பதை வாங்குகிறது. அனுப்பும் கொம்பும் வாங்கும் கொம்பும் தமிழில் முன்பே இருக்கின்றன; இரண்டு வேலையும் செய்யும் பொருளுக்கு அந்தப் பெயர் ஏற்கும். உணர்கொம்போடு குழம்பும் என்று யாழ்ப்பாணத்திலிருந்து எழுதிய நண்பருக்கும் இதுவே என் பதில். முன்னே ‘அலை’ நிற்கிறது, குழம்பாது. கணினியின் ‘லாஜிக் கேட்’டுக்குத் தர்க்கப் படலை என்று அழகாகச் சொல்லாக்கிய ஊர்க்காரர் நீங்கள். இதிலும் உங்கள் காது எனக்கு வேண்டும்.

சொல் கிளை விடுகிறதா என்று பார்க்காமல் ஏற்கக்கூடாது என்று ஐயா எப்போதும் சொல்வார். போன ஞாயிறு அதையும் செய்து பார்த்தோம். 145 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு கொம்பு கட்டுவது வேலை. 300ஐ 145ஆல் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் 2.07. அதில் கால் பங்கு ஏறக்குறைய 51.7 செ.மீ. உண்மைக் கம்பியில் சற்றுக் குறைத்து வெட்ட வேண்டும். 5 விழுக்காடு கழித்து 49 என்று வைத்தோம். எஸ்.ஓ.239 சாக்கெட்டின் நடு ஊசியில் அந்தக் கம்பியைப் பற்றவைத்து நிமிர்த்தினோம். நான்கு மூலைத் துளைகளில் அதைவிடச் சற்று நீளமான நான்கு கம்பிகள். பிள்ளைகள் நடுக்கம்பியைக் காற்கொம்பு என்றார்கள். கால் அலைநீளம் என்ற கணக்கு பெயருக்குள்ளேயே இருக்கிறது, மறக்க வழியில்லை. நான்கு கம்பிகளுக்கு என்ன பெயர் என்றேன். அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண், “விழுது” என்றாள். கீழே சாய்ந்து நிற்பதைப் பார்த்துச் சொன்னாள். நான் நினைத்திருந்த ‘ஆரைக்கம்பி’யை அங்கேயே அழித்துவிட்டேன்.

உரிமம் வரும்வரை அவர்கள் பேசக்கூடாது. பொத்தானை நான்தான் அழுத்தினேன், மீட்டரை அவர்கள் படித்தார்கள். அது காட்டுவது எஸ்.டபிள்யூ.ஆர்.: கொம்பிலிருந்து திறன் திரும்புவதைச் சொல்லும் எண், 1 என்றால் எதுவும் திரும்பவில்லை. விழுதுகள் தட்டையாக நின்றபோது 1.4. நான்கையும் 45 பாகைக்குக் கீழே வளைத்ததும் 1.1க்கு இறங்கியது. தட்டையாக இருக்கையில் கொம்பின் மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) 36 ஓம் பக்கம். வளைக்க வளைக்க 50ஐ நெருங்கும், கேபிளும் கருவியும் 50 ஓம், அதனால் ஒத்துப்போகிறது. இந்த மீட்டர் 3 காட்டினால் கொம்புக்குப் போன திறனில் நான்கில் ஒரு பங்கு திரும்புகிறது என்று பொருள். ‘வாங்கி’யிலிருந்து திறன் திரும்பி வருவதை எந்தப் பிள்ளைக்கும் விளக்க முடிந்திருக்காது.

அடுத்து டைபோல். நடுவில் கேபிள், இருபக்கமும் ஒரு கை. 7.1 மெகாஹெர்ட்ஸுக்குக் கட்டினால் பக்கத்துக்கு 10 மீட்டர் வரும், இரண்டு தென்னைக்கு நடுவே இழுத்துக் கட்டலாம். இதற்கு இரட்டைக்கொம்பு என்றும், காற்கொம்பு போல ஒரு கையோடு நிற்பவற்றுக்கு ஒற்றைக்கொம்பு என்றும் வைக்கிறேன். கெகரத்துக்கும் கேகாரத்துக்கும் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு போட்டுப் பழகிய கை நம்முடையது. ஒரு கொம்பா இரண்டு கொம்பா என்று தமிழ்ப் பிள்ளை ஒன்றாம் வகுப்பிலேயே எண்ணிவிடுகிறது.

இன்னும் முடியாதது ஒன்று உண்டு. கொம்புக்கு எந்த வினை பொருந்தும்? கூரையில் குழாயோடு நிறுத்துவதை ‘நடுவது’ என்கிறோம். மரத்துக்கு மரம் இழுப்பதைக் ‘கட்டுவது’ என்கிறோம். கையடக்கக் கருவியில் திருகுவதை ‘மாட்டுவது’ என்கிறார்கள் பிள்ளைகள். மூன்றையும் விட்டுவைக்கலாமா, செய்முறைக் குறிப்புக்கு ஒன்றையே எடுக்கலாமா? கடலோரத்தில் பருமலை ‘ஏற்றுவது’ என்பார்களா என்பதையும் அண்ணாச்சி எழுத வேண்டும். அடுத்த ஞாயிறு யாகிப் பாடம். சனிக்கிழமை இரவுக்குள் வந்துவிட்டால் குறிப்பில் சேர்த்துவிடுவேன்.

73 (ஹாம் வழக்கில் ‘அன்பு வாழ்த்து’), மதுரையிலிருந்து.